செவுள் பார்த்து வாங்கிய ஃபில்டர்

உலகத்தில் இதுவரை ஆயில் ஃபில்டர் வாங்கிய அத்தனை பேரையும் ராயபுரம் பாலத்தில் ஆரம்பித்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் வரிசையாக நிற்க வைத்தால், முதல் ஆளாக நிற்கப்போவது பச்சையம்மாதான். அவளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் நடுவில் கண்டெய்னர் லாரி ஒன்று தாராளமாக வளைந்து திரும்பும். அந்த இரண்டாவது ஆள் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பெரிய இன்ஜினியராகக்கூட இருக்கலாம். பச்சையம்மா அவரைத் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் ஒதுங்கி நில்லு நைனா, பின்னாடி வண்டி வருது" என்று மட்டும் சொல்வாள். துறைமுகத்தில் நிற்கிற கப்பலுக்கெல்லாம் அவளே ஃபில்டர் பொறுக்கிக் கொடுத்தால், கடல் வற்றினாலும் கப்பல் ஓடும். இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால், பச்சையம்மாவின் உருவமே அப்படி.

இதில் வேடிக்கை என்னவென்றால், போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வரைக்கும் அவள் ஒரு ஃபில்டரைக்கூடக் கையால் தொட்டதில்லை.

அவள் தொட்டதெல்லாம் மீன். திருவொற்றியூர்க் குப்பத்தில் பிறந்து, அதே குப்பத்தில் வாழ்க்கைப்பட்டு, இருபத்தாறு வருடம் அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மீன் விற்றவள். தூரத்தில் அவள் வருவதைப் பார்த்ததும் ஷேர் ஆட்டோக்காரர்களுக்குத் திடீரென்று வானத்தில் ஏதாவது தெரியும். மேலே பார்த்துக்கொண்டே ஓட்டிப் போய்விடுவார்கள். பஸ் கண்டக்டர்கள் அவ்வளவு நாசூக்கு கிடையாது. "கூடைக்கு எடமில்ல, எறங்கு" என்பார்கள். ஒருநாள் மழையில் மணலி ரோட்டில் அப்படி இறக்கிவிடப்பட்டவள், வீட்டுக்கு வந்து தலையைக்கூடத் துவட்டாமல், "நான் கார் ஓட்டக் கத்துக்கப்போறேன்" என்றாள். அப்போது வயது நாற்பத்தாறு. சொல்லிக்கொடுத்த ஆள் முதல் நாள் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். பத்தாம் நாள் கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு, வஞ்சிரம் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று கேட்டார். லைசென்ஸ் வாங்கும்போது ரிவர்ஸில் வளைத்து நிறுத்தச் சொன்னார்கள். ஒரே வளைவு. "தலைல கூடைய வச்சிகினு ஏலக் கூட்டத்துல பின்னாடியே நடந்து வந்தவ நானு. இது இன்னா பெரிய வித்த?" என்றாளாம்.

அப்புறம் வந்தது கார். பழைய டீசல் கார். நிறம் வெள்ளை, அதாவது, ஆர்.சி. புத்தகத்தில் வெள்ளை. பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு நான்கு ஐஸ் பெட்டிகளை வைத்தாள். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, மணலி வழியாக மாத்தூர், அங்கிருந்து மாதவரம் பால் பண்ணைப் பக்கம். இரண்டு இடத்திலும் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் ஜன்னலிலிருந்தே ஹாரனை அடையாளம் கண்டு பாத்திரத்தோடு இறங்கி வருவார்கள். கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது, இனிமேல் தலையில் ஒரு சொம்புகூட வைக்கக் கூடாது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்ன அதே வருடம் கார் வந்தது. அதனால் அவளைப் பொறுத்தவரை கார் என்பது சொகுசு இல்லை, இன்னொரு கழுத்து.

அந்தக் கழுத்துக்குத்தான் சீக்கு வந்துவிட்டது.

இரண்டு மாதமாக, காலையில் முதல் தடவை சாவியைத் திருப்பினால், தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம். கடகடகடவென்று மூன்று நொடி. பிறகு நின்றுவிடும். நாள் முழுக்க வராது. மறுநாள் காலையில் சரியாக வந்துவிடும். போகப் போக மூன்று நொடி ஐந்து நொடி ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை வியாபாரம் முடிந்ததும் டோல்கேட் பக்கம் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் பிராங்கிளினிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். கூடவே மகள் எழில்மொழி. இதை எழுதுகிறவளும் அவள்தான். ஆனால் இது அவள் கதை இல்லை என்பதால், அவளை அவள் என்று சொன்னாலே போதும்.

"இன்னா பிராங்கிளினு, சொல்லு. உயிரு கீதா, இல்லியா?"

"யக்கா, ரெண்டுல ஒண்ணுதான். ஃபில்டரு சரியில்லேன்னா ராவுல ஆயிலு மொத்தமும் கீழ எறங்கிடும். காலீல ஸ்டார்ட் பண்ணச் சொல்லோ, ஆயிலு மேல போயி சேர்ற வரிக்கும் இன்ஜினு வெறும் வயித்துல ஓடும். அந்தச் சத்தம்தான் அது. இல்லேன்னா உள்ள பேரிங்கு தேஞ்சி போயிருக்கும். அப்டின்னா இன்ஜின பிரிக்கணும்."

"பிரிச்சா?"

"ஒரு மாசம் வண்டி இங்கியே குந்திகினு இருக்கும்."

பச்சையம்மா மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு மாதம் மாத்தூர்க்காரர்கள் பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஜன்னலில் காத்திருக்க மாட்டார்கள். இன்ஜினைப் பிரிக்கிற செலவும் அவளால் ஆகாது. மாதவரத்தில் வண்டி வாங்கி விற்கும் ராமதாஸ், இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

"எது இன்னான்னு எப்டித் தெரியும்?" என்று கேட்டாள்.

"நல்ல ஃபில்டரா ஒண்ணு வாங்கினு வா. மாட்டிடறேன். ராப்பூரா வண்டி படுத்துக் கெடக்கட்டும். நாளிக்கி மொத ஸ்டார்ட்டுல சத்தம் வரலேன்னா வண்டி பொழச்சிச்சி. வந்திச்சின்னா..."

"ராமதாஸுகிட்ட குடுத்துடறேன். அவ்ளோதான்," என்றாள் பச்சையம்மா. "நல்ல ஃபில்டருன்னா எப்டிப் பாத்து வாங்கறது?"

"அதான்க்கா பேஜாரே. டப்பா எல்லாம் ஒரே மாரி இருக்கும். பாதி டூப்ளிகேட்டு."

"டப்பாவ இன்னாத்துக்குப் பாக்கணும்? மீனு வாங்கச் சொல்லோ ஐஸ் பொட்டியவா பாக்கறோம்?"

பிராங்கிளின் பழைய ஃபில்டரைக் கழற்றி, எண்ணெயை வடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தான். கறுப்பாக, பெயின்ட் உரிந்து, பெயர் தெரியாமல் இருந்தது. ஷேர் ஆட்டோக்களே பார்த்துப் பழகிய அவனுக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை.

அம்மாவும் மகளும் பஸ் பிடித்து மின்ட்டில் இறங்கி யானைக்கவுனிப் பக்கம் நடந்தார்கள். பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் பழக்கதோஷத்தில் மூக்கைச் சுளித்தார். "இன்னிக்கி மீனு இல்ல நைனா, வெறும் கிரீஸு," என்றாள் பச்சையம்மா.

சுஃபியான் பாயின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. இரண்டு ஆள் நிற்கிற அகலம், இருபது ஆள் நிற்கிற நீளம், கூரை வரைக்கும் அட்டைப் பெட்டி. வண்டியின் பெயரைக் கேட்டதும் பாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் கையை நீட்டி மூன்று ஃபில்டர்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று நீல டப்பா. மற்ற இரண்டும் மஞ்சள் டப்பா, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அச்சு அசலாக ஒன்றுபோல.

"மூணும் சேரும்க்கா. எது வேணும்?"

பச்சையம்மா மூன்றையும் டப்பாவிலிருந்து உருவி எடுத்தாள். டப்பாக்களை மகளிடம் தள்ளினாள். அப்புறம் முந்தானையை இடுப்பில் செருகினாள். அவள் முந்தானையைச் செருகினால் காசிமேட்டில் ஏலக்காரரே ஒரு தடவை தொண்டையைக் கனைத்துக்கொள்வார். பாய்க்கு அது தெரியாது, பாவம்.

முதலில் மோந்து பார்த்தாள்.

"யக்கா, அது ஃபில்டரு," என்றார் பாய்.

"தெரியும் பாய். நீ உன் வேலையப் பாரு."

நீல டப்பாவில் வந்ததன் வாயைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாள். அழுத்திய தடம் அப்படியே நின்றது. மீன் வயிற்றில் விரல் வைத்தால் குழி மேலே எழும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் அது கரைக்கு வந்து நாளாயிற்று. அவளுக்குத் தெரிந்த படிப்பு அது.

"இது மூணு நாளு மீனு."

பாய் சிரித்துக்கொண்டே வாங்கி, அடியில் அச்சடித்திருந்த தேதியைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஐந்து வருடத்துக்கு முந்தைய சரக்கு. கமுக்கமாக மேசைக்கு அடியில் போட்டார்.

மஞ்சள் இரண்டுக்கும் ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. இரண்டையும் இரண்டு கையில் ஏந்தினாள். கண்ணை மூடினாள். இடது கை கொஞ்சம் மேலே போயிற்று.

"இது எடை கம்மியா கீது."

"அப்போ வலது கைல இருக்கறதுதான் நல்லது யம்மா," என்று அவசரப்பட்டாள் எழில்.

"எடைய வச்சி சொல்லாத. ஐஸ் தண்ணி குடிச்ச மீனுகூட எடையாத்தான் இருக்கும்." ஃபில்டர்களை மேசையில் வைத்தாள். "பாய், ரெண்டையும் அறு."

"இன்னாது?"

"அறுத்து உள்ள காட்டு."

"யக்கா! இது இன்னா மீனா?"

"மீனையே நான் அறுத்துக் காட்டித்தான் குடுக்கறேன். ஒரு வேள சோத்துக்கே செவுளத் தூக்கிப் பாக்கறாங்க ஜனங்க. என் வண்டியோட உசுரு இதுல கீது. நான் உள்ள பாக்காத வாங்கணுமா?"

எதிர்க்கடையில் டயர் உருட்டிக்கொண்டிருந்தவர் டயரை நிறுத்தினார். மூட்டை இறக்க வந்தவர்கள் மூட்டையை இறக்கி அதன் மேலேயே உட்கார்ந்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் சவாரியோடு வந்து நின்றார்; சவாரியும் இறங்கி வந்து பார்த்தது. "அறு பாய், இன்னா பயப்படற?" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். பாய்க்கு முகம் சிவந்துவிட்டது.

"நம்ம கடைல டூப்ளிகேட்டே கெடையாது. பாத்துக்கோங்க எல்லாரும்," என்று தகரம் வெட்டுகிற கத்திரியை எடுத்தார். எடை குறைந்ததை அவரே வெட்டினார்.

தகரம் டின் மூடி மாதிரி சுருண்டு வந்தது. உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம். மடிப்பு என்று மரியாதைக்குச் சொல்லலாம். இந்தப் பக்கம் நெருக்கமாக நான்கு, அந்தப் பக்கம் விரல் நுழைகிற இடைவெளி, நடுவில் பசை வழிந்து காய்ந்து கட்டியாகக் கிடந்தது. மேலும் கீழும் தகடு இருக்க வேண்டிய இடத்தில் அட்டை. எண்ணெய் இதற்குள் போனால் வடிகட்டப்படாது. சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வரும்.

சந்து முழுக்க "ஓ!" என்று கத்தியது. மூட்டைக்காரர் ஒருவர் விசிலே அடித்தார்.

பாய் தலையில் கைவைத்தார். "போன மாசம் புது ஏஜெண்டு ஒர்த்தன் வந்து போட்டுட்டுப் போனான்க்கா. இதே டப்பா, இதே ஸ்டிக்கரு. நானே பாத்து ஏமாந்துட்டேன்."

"வுடு பாய். டப்பாவப் பாத்தா அப்டித்தான். இப்ப அத்த அறு."

"யக்கா, இது நெஜமாவே நல்லதுக்கா. கம்பெனிலேந்து நேரா வந்த பொட்டி."

"நல்லதுன்னு நீ சொல்ற. அது சொல்லட்டும்."

அறுத்தார். பச்சையம்மா மேசை மேல் குனிந்தாள். எழிலும் குனிந்தாள். சந்தே குனிந்தது. உள்ளே மடிப்புகள் ஒன்றை ஒன்று ஒட்டி, ஒன்றுபோல, வட்டமாக நின்றன. அன்றைக்கு விடியற்காலையில் பிடித்த சங்கராவின் செவுளை விரித்தால் எப்படி இருக்கும், அப்படி. தகரக் கூட்டுக்குள் அப்படி ஒரு சுத்தம். மேலும் கீழும் உறுதியான தகடு. அவள் மடிப்புகளை விரலால் தடவினாள். எங்கேயும் விரல் உள்ளே போகவில்லை.

"இது மீனு!" என்றாள். குரல் உடைந்தேவிட்டது. இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ நல்ல மீனைப் பார்த்தவள், ஒரு தகர டப்பாவைப் பார்த்து இப்படி ஆகிவிட்டாள்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. வாய்ப்பக்கத் தகட்டில் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள். ஓட்டைகளுக்கு உள்பக்கமாக, மெல்லிய ரப்பர் சவ்வு ஒன்று மூடிக்கொண்டிருந்தது.

"இது இன்னா பாய்?"

"அதான்க்கா முக்கியம். ஆயிலு தள்ளிகினு உள்ள வரும், சவ்வு தொறந்துக்கும். இன்ஜின ஆஃப் பண்ணா சவ்வு மூடிக்கும். உள்ள வந்த ஆயிலு திரும்பிப் போவாது."

பச்சையம்மா கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவினாள். ஓட்டைக்குள் விட்டு மெதுவாகத் தள்ளினாள். சவ்வு உள்ளே போய், எடுத்ததும் டப்பென்று மூடிக்கொண்டது. இன்னொரு தடவை. டப். இன்னொரு தடவை. சின்னப் பிள்ளைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி.

பிறகு ஹேர்பின் நின்றது. பிளாஸ்டிக் பைக்குள் இருந்த பழைய ஃபில்டரை எடுத்து, அதன் ஓட்டைக்குள் விட்டாள். ஹேர்பின் தடையே இல்லாமல் உள்ளே போயிற்று. அடுத்த ஓட்டை. அதுவும் அப்படியே. சவ்வே இல்லை.

"பாய், இதுல கிழிஞ்சி பூட்ச்சா?"

பாய் அதை வாங்கித் துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "யக்கா, இது காருதே இல்ல. இது போட்டு இன்ஜினு ஃபில்டரு, விசைப்படகுக்குப் போடறது. காசிமேட்டுக்காரங்க வாங்கினு போறது. மரை ஒண்ணுதான், அதனால ஏறிக்கும். இத்த யாருக்கா கார்ல மாட்டினது?"

பச்சையம்மா அதை வாங்கிப் பைக்குள் போட்டாள். போனை எடுத்தாள். அவள் புருஷன் நீலமேகம் விசைப்படகில் டிரைவர். அந்த நேரம் கரையில்தான், படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். சந்தில் யாரும் அசையவில்லை.

"யோவ், கடசியா ஆயிலு மாத்துனியே, அப்போ கார்ல இன்னாத்த மாட்டின?"

"ஃபில்டருதான். ஏன்?"

"எந்த ஃபில்டரு?"

"நம்ம போட்டுக்குப் போடறதுதான். அம்மாம்பெரிய இன்ஜின ஏழு நாளு நடுக்கடல்ல தாங்கற சாமான் பச்ச! உன் காரத் தாங்காதா? புதுசு, ஸ்டோர்ல இருந்திச்சி, உனுக்கோசரம் எத்தினு வந்தேன்."

"போட்டுல அது எப்டிய்யா மாட்டிகினு கீது?"

"வாய் மேல பாத்து, குடம் மாரி நிக்கும்."

"கார்ல?"

போனில் கேட்டுக்கொண்டிருந்த ஐஸ் உடைக்கிற சத்தம் நின்றது.

"...படுத்துகினு," என்றான் நீலமேகம்.

"நிக்கிற கொடத்துல தண்ணி நிக்கும். படுத்த கொடத்துல? ராத்திரி பூரா வழிஞ்சிகினே இருந்திருக்குய்யா! இங்க காருக்குத் தனியா உள்ள செவுளு மாரி சவ்வு வச்சி செஞ்சிருக்கான், படுத்தாலும் மூடிக்கற மாரி. நீ செவுளு இல்லாத மீனக் கொண்டாந்து என் வண்டில வச்சிட்ட!"

சந்து கைதட்டியது. போனுக்குள்ளிருந்து, "யாரு பச்ச அங்க கைதட்டறது?" என்று கேட்டான் நீலமேகம்.

அதற்கப்புறம் பச்சையம்மாவை யாராலும் பிடிக்க முடியவில்லை. கம்பெனியிலிருந்து நேராக வந்த பெட்டியை மொத்தமாக இறக்கச் சொன்னாள். பதினோரு ஃபில்டர். ஒவ்வொன்றுக்கும் ரப்பரில் நகம், ஓட்டையில் ஹேர்பின், வாய்க்குள் கண். ஒன்றில் மரை ஓரத்தில் பிசிறு தகரம் ஒட்டிக்கொண்டிருந்தது. "வாய்ல முள்ளு," என்று ஒதுக்கினாள். ஒன்று எங்கேயோ விழுந்து இடுப்பில் சொட்டை. "வலைல அடிபட்டது." ஏழாவதை எடுத்து மூன்று தடவை சுற்றிப் பார்த்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆட்டோக்காரர் தன் வண்டிக்கும் ஒன்று பார்த்துத் தரச் சொன்னார். பாய் உள்ளேயிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"யக்கா, வாரத்துல ஒரு நாளு வந்து குந்திக்கோ. ஏஜெண்டு வர்ற நாளா."

"வெள்ளிக்கெழம மீனு வோணாங்கறவங்க ஜாஸ்தி. அன்னிக்கி வரேன்," என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை போகிறாள்.

திரும்பி வந்ததும் பிராங்கிளின் புது ஃபில்டரின் ரப்பரில் விரலால் எண்ணெய் தடவி, கையாலேயே திருகி மாட்டினான். கையால் இறுகியதும், இன்னும் முக்கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம் என்றான். ஸ்பேனரை எடுத்திருந்தால் பச்சையம்மா அதைப் பிடுங்கியிருப்பாள். புது எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்தான். சத்தம் இல்லை. ஆனால் அதற்கு அர்த்தமும் இல்லை. சூடாக இருக்கிற இன்ஜின் எப்போதுமே சத்தம் போட்டதில்லை. ராத்திரி படுத்து எழுந்து, சில்லென்று ஆனபிறகு, முதல் சாவி. அதுதான் தீர்ப்பு.

சாயங்காலம் நீலமேகம் வந்தான். வண்டியை ஒரு சுற்று சுற்றினான். குனிந்து பார்த்தான்.

"போட்டு ஃபில்டரு நல்ல ஃபில்டருதான்," என்றான் பொதுவாக.

"நல்ல ஃபில்டருதான். போட்டுக்கு," என்றாள் அவள். அதோடு விட்டுவிட்டாள். அவனுக்குச் சங்கரா வறுவலில் நடுத்துண்டை எடுத்து வைத்தாள்.

மறுநாள் ஏலத்துக்கு அவள் போகவில்லை. நாத்தனார் மங்கம்மாவிடம் சொல்லிவிட்டாள். ஐந்து மணிக்கு எழுந்து, முகம் கழுவி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்தாள். எழில் போர்வைக்குள் கிடந்தாள். தெரு முழுக்கத் தைப் பனி. வண்டிச் சாவி ஆணியில் தொங்கியது. பச்சையம்மா அதைத் தொடவில்லை. சத்தத்தைத் தன் காது மட்டும் கேட்டால் போதாது, பிராங்கிளின் காதும் வேண்டும் என்று அவனைக் கூட்டிவர நடந்தாள். நீலமேகமும் டீ குடிக்கக் கூடவே போனான். பிராங்கிளின் எழுந்து, பல் தேய்த்து, சட்டையைத் தேடி எடுத்துப் புறப்பட முக்கால் மணி ஆயிற்று. அந்த முக்கால் மணியும் அவன் வீட்டு வாசலில் பச்சையம்மா உட்காரவே இல்லை.

திரும்பி வந்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது. தெருவில் நாலு பேர் கூடியிருந்தார்கள். எழில் வாசலில் நின்று கொட்டாவி விட்டாள். பச்சையம்மா சாவியை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள். ஒரு தடவை வெளியே எடுத்து, புடவையில் துடைத்து, மறுபடி போட்டாள்.

"யம்மா, திருப்பேன்," என்றாள் எழில்.

திருப்பினாள்.

இன்ஜின் ஒரு தடவை உறுமி, அப்படியே சீராக ஓட ஆரம்பித்தது. கடகட இல்லை. ஒரு ஆணிகூட இல்லை. டப்பாவே இல்லை!

"யக்கா, பொழச்சிச்சி!" என்று பிராங்கிளின் குதித்தான். நீலமேகம் அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தான். கூடியிருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். பச்சையம்மா இறங்கி வந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. முன்பக்கம் வந்து, பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல், பானட் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

கை அங்கேயே நின்றது.

தடவினாள். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற பைக்கின் டாங்க்கைத் தொட்டாள். விரலெல்லாம் பனித் தண்ணீர். எதிர்வீட்டு ஆட்டோவின் கண்ணாடியில் பனி கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி தன் வண்டியைத் தொட்டாள்.

"எழிலு. இங்க வா."

"இன்னாம்மா?"

"கைய வை."

எழில் வைத்தாள்.

"எப்டி கீது?"

"இப்பத்தான ஸ்டார்ட் பண்ண, அதான் லேசா சூடா..."

"அர நிமிசத்துல பானட்டு சுடுமாமே? தெருவுல கீற அத்தினி வண்டியும் பனில குளிச்சிகினு நிக்கிது. என் வண்டி மட்டும் தல துவட்டிகினு நிக்கிது. நான் அந்தாண்ட போனதும் எறங்கி ஓட்டுனியா?"

"ஓட்டல. சொம்மா... ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் வச்சேன்." எழில் தரையைப் பார்த்தாள். "சூடா இருந்தா தட்டாதுல்ல. தட்டினா நீ வித்துடுவ. அப்பறம் திரும்ப கூடைய எடுத்து தலைல வைப்ப. டாக்டரு சொன்னத நான் கேட்டுகினுதான இருந்தேன்."

 பிராங்கிளின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

பச்சையம்மா மகளின் முகவாயை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினாள். காசிமேட்டில் மீன் கண்ணைப் பார்க்கிற மாதிரி, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"நீ மொதல்ல திருப்புனப்போ தட்டிச்சா?"

"இல்லம்மா. சில்லுனுதான் இருந்திச்சி. ஒரு சத்தமும் வரல. ஓடுதா இல்லியான்னு நானே குனிஞ்சி பாத்தேன். சத்தியமா."

"அப்போ பொழச்சிச்சிதான்க்கா," என்றான் பிராங்கிளின்.

"நீ கம்னு இரு. நான் காதால கேக்கவேண்டிய மொத ஸ்டார்ட்ட இவ கேட்டுட்டா."

போன் அடித்தது. ராமதாஸ். பச்சையம்மா இடது கையால் எடுத்தாள். வலது கை மகளின் முகவாயிலேயே இருந்தது.

"அண்ணா, கெளம்பிட்டியா? கெளம்பாத. இல்ல, சத்தம் வரல. வரலதான். ஆனா அது கணக்குல சேராது. வண்டி இன்னிக்கிப் பரீட்ச எழுதலண்ணா. அது பேர்ல எம் பொண்ணு போயி எழுதிட்டு வந்துட்டா. நாளிக்கித் திருப்பி வச்சிருக்கேன். ஆமா, சாவி என் இடுப்புலதான் இருக்கும்."